விலக்க வந்தவர்களுக்கும் ஒரு பகடை

பிரபுவின் தலையில் ஹெல்மெட். இடது கையில் இட்லிக் குண்டான் மூடி. வலது கையில் தரை துடைக்கும் மாப்பு. சேலையூரில் நானும் ஜெனிஃபரும் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

என் கையில் ஒட்டடைக் கம்பு. நீளத்தில் நான்தான் வசதி. ஆனால் அதன் நுனியில் இருந்த நாரைக் கழற்ற மறந்துவிட்டேன். ஒவ்வொரு முறை ஓங்கும்போதும் பழைய ஒட்டடை என் தலையிலேயே விழுந்தது.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஜெனிஃபர் நின்றாள். சர்ச்சுக்குக் கட்டிப்போன புடவையை இன்னும் மாற்றவில்லை. போனில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"கழுத்துக்கு மேல வேணாம்! ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன், கழுத்துக்கு மேல வேணாம்!"

என் முதல் அடி குண்டான் மூடியில் விழுந்தது. கோயில் மணிக்கும் சர்ச் மணிக்கும் நடுவில் ஒரு சத்தம். அடுத்த வீட்டு மாடியில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. பிரபு பின்னால் நகர்ந்தான். கொடியில் காயப்போட்டிருந்த ஈரப் போர்வை அவன் முகத்தை மூடியது. நான் விடவில்லை. முழங்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று.

அதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவனுக்கும்தான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குக்கர் மாதிரி சத்தம் வந்தது.

"போதும் அமுதா... தண்ணி குடிச்சிட்டு வரலாம்... கண்ணெல்லாம் வியர்வை."

அப்போதுதான் படிக்கட்டில் தடதடவென்று காலடி. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் ஸ்டெல்லா ஆன்ட்டி முன்னால். அவர் பின்னால், எங்கள் வாசலில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் முருகேசன் அண்ணா. வந்த வேகத்தில் அண்ணா பிரபுவைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். ஆன்ட்டி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, பொம்பளப் புள்ள மேல கட்டைய ஓங்கினுகீற?"

"அண்ணா, அவதாண்ணா என்ன அடிக்கிறா!"

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் இந்த வாரப் பத்தி முழுக்க எழுதப் போகிறேன். ஒரு நொடிக்கு முன்னால் தண்ணீர் கேட்டுக் கெஞ்சிய பிரபு, முருகேசன் அண்ணாவின் பிடிக்குள் மாட்டியதும் துள்ள ஆரம்பித்தான்.

"வுடுண்ணா! நீ வுடு! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

நான் மட்டும் சும்மா இருந்தேனா? ஆன்ட்டியின் கைக்குள் திமிறிக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு குரலில் கத்தினேன்.

"நீங்க விடுங்க ஆன்ட்டி! வரட்டும் அவன்! வந்து பாக்கட்டும்!"

ஜெனிஃபர் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தவே மறந்துவிட்டாள்.

என்ன விளையாட்டு இது?

கேட்கத்தான் செய்வீர்கள். எங்கள் அம்மாவும் கேட்டார். "காலேஜெல்லாம் படிச்சிட்டு, வேலைக்கும் போய்கினு, லீவு நாள்ல கட்டைய தூக்கினு சண்டையா?"

அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வோம். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தன் போர்வீரன், இன்னொருத்தி திருடி. "குகை வாசலில் ஒரு பூதம் நிற்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். அவரவர் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும்.

அம்மா கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். "கூத்து மாதிரின்னு சொல்லு. உட்கார்ந்துகினே ஆடுற கூத்து."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை.

தாம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது ஜெனிஃபர்தான் என்னை இதற்குள் இழுத்தாள். அவள் வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் ஆசிரியர்கள். புத்தகம் அவர்கள் வீட்டில் காய்கறி மாதிரி வரும். எங்கள் வீட்டில் அப்பா பெயின்டர், அம்மா ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவர். பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை. வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் எழுதுகிறேன்.

பாடப்புத்தகம் தவிர முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்து முடித்த முதல் புத்தகம், அந்த ஆட்டத்தின் விதிப் புத்தகம். ஆங்கிலம். ஜெனிஃபர் நகல் எடுத்துக் கொடுத்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். கவசத்துக்கு எத்தனை வகை, வாளுக்கு எத்தனை வகை, விஷத்துக்கு எத்தனை வகை! நேர்முகத் தேர்வில் என்னை ஆங்கிலத்தில் பேசச் சொன்னபோது சரளமாக வந்த சொற்களில் பாதி அங்கிருந்து வந்தவை. நல்ல வேளை, விஷத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

டோக்கன் வாங்கிய சண்டை

நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலில், மாதம் ஒரு ஞாயிறு, இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் கூடுவார்கள். நாலைந்து மேசை போடுவார்கள். எல்லாவற்றையும் நடத்துபவர் விவேக் அண்ணா. அந்தக் குடியிருப்பிலேயே இருப்பவர். கழுத்தில் ஹால் சாவி தொங்கும். கண்டிப்பானவர், ஆனால் எல்லோருக்கும் சமோசா வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார்.

அங்கே எல்லா மேசையும் ஆங்கிலம். எனக்கு ஒரு தமிழ் மேசை வேண்டும் என்று கேட்டேன். கதை மட்டும் தமிழில் இருந்தால் போதாது, நம்முடைய பூதம், நம்முடைய ஏரி, நம்முடைய திட்டு எல்லாம் வேண்டும். விவேக் அண்ணா ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

அது ஊத்திக்கொண்டது.

கதை நன்றாகத்தான் போயிற்று. சண்டை வந்தபோதுதான் எல்லாம் படுத்துவிட்டது. ஆங்கில விதியை அப்படியே தமிழில் பெயர்த்து வைத்திருந்தேன். அதில் சண்டை எப்படி என்றால், வங்கியில் டோக்கன் வாங்கின மாதிரி. நான் ஓர் அடி அடிப்பேன். நீங்கள் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் உங்கள் முறை. நான் நிற்பேன். பகடை விழவில்லை என்றால், "படவில்லை, அடுத்தவர்." ஒன்றுமே நடக்காத ஒரு முறை. அதற்குப் பிறகு இன்னொரு முறை.

ஆளுக்கு நாற்பது உயிர்ப்புள்ளி. நாற்பது இருக்கும்போது எப்படிப் பாய்ந்தானோ, ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும்போதும் அப்படியே பாய்வான். வலிக்காது, மூச்சு வாங்காது, பயப்பட மாட்டான். திடீரென்று பூஜ்யம் ஆகும், பொத்தென்று விழுவான். ஃபியூஸ் போன பல்பு மாதிரி.

ஒரு சண்டை ஒரு மணி நேரம் இழுத்தது. முதலில் ஒருவர் போனை எடுத்தார். அடுத்தவர் காபிக்கு எழுந்து போனார். மற்ற இருவரும் பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு மணிக்கு ஹாலைப் பூட்டும்போது என் மேசையில் மிச்சமிருந்தது நானும் பூதமும்தான்.

விவேக் அண்ணா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "கதை சூப்பர்மா. ஆனா ஃபைட் நம்பற மாதிரி இல்ல. இன்னும் ஒரு தடவை தரேன். ஆறு மணிக்கு செக்யூரிட்டி பூட்ட வரும்போது உன் மேசையில நாலு பேரும் உக்காந்திருக்கணும். இருந்தாங்கன்னா அந்த மேசை மாசா மாசம் உனக்கு. இல்லன்னா இங்க இங்கிலீஷ்லயே ஆடுவோம், தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் சோழிங்கநல்லூர் தாண்டும்வரை பிரபுவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிரபு பொழிச்சலூர்க்காரன், என் சின்ன வயசுத் தோழன், விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் வேலை. நான் பேசாவிட்டால் அவனுக்குத் தாங்காது.

"இன்னா, பூதத்த அங்கியே வுட்டுட்டு வந்துட்டியா? பாவம், பஸ் தெரியாது அதுக்கு."

மேடவாக்கம் சிக்னலில் சிரித்துவிட்டேன்.

ஆனால் மனதில் ஒரு முள் இருந்தது. அந்த ஒரு மேசை போனால் எனக்கு வேறு மேசை இல்லை. தமிழில் இது நடக்காது என்பது என் பெயரால் முடிவாகிவிடும். அடுத்து யாராவது ஒரு பெண் தமிழில் கேட்டால், "ஒருத்தங்க ட்ரை பண்ணாங்க, சரி வரல" என்பார்கள். அந்த 'ஒருத்தங்க'வாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

சோதனைப் பிரிவு

என் வேலை மென்பொருள் சோதனை. யாரோ எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து யோசித்தால் பிழை கிடைக்காது, ஓட்டினால்தான் கிடைக்கும். சண்டையையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மொட்டை மாடி, மாப்பு, இட்லி மூடி எல்லாம் அப்படி வந்தவைதான்.

போர்வை விலகி, ஆன்ட்டி வருவதற்கு முன்பே எனக்கு இரண்டு விஷயம் கிடைத்திருந்தது.

ஒன்று மூச்சு. படாத அடியும் அடிதான். காற்றில் வீசினாலும் தோள் வலிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது. ஒன்றும் நடக்காத முறை என்று ஒன்று சண்டையில் கிடையாது.

இன்னொன்று இடம். அடி வாங்காமல் தப்ப வேண்டுமானால் நகர வேண்டும். நகர்ந்தால் பின்னால் கொடி இருக்கும், போர்வை இருக்கும், ஈரத் தரை இருக்கும். பிரபு தோற்றதில் பாதி அந்தப் போர்வையால்.

மூன்றாவதைக் கொண்டுவந்தவர்கள்தான் படிக்கட்டில் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் விலக்கிவிட வந்தார்கள், அவ்வளவுதான்.

தண்ணி லாரி நாள்

பொழிச்சலூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்த ஒரு நாள், அப்பாவுக்கும் எதிர்வீட்டு சேகர் மாமாவுக்கும் குடம் வைத்த வரிசையில் தகராறு. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும்.

எங்கள் பக்கத்தில் சண்டை உடனே ஆரம்பிக்காது. முதலில் வாய். "இன்னா நெனச்சுகினு கீற?" என்று ஒருவர். "நீ இன்னா நெனச்சுகினு கீற?" என்று மற்றவர். இதிலேயே கொஞ்ச நேரம் போகும். அப்புறம் லுங்கி மடித்துக் கட்டப்படும். சட்டைப் பையில் இருக்கும் போனை யாரிடமாவது கொடுப்பார்கள். அப்பா என்னிடம் கொடுத்தார். பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் தெருவே வந்துவிட்டது. அப்பாவை மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். சேகர் மாமாவை அவர் மனைவியும் மைத்துனரும். ஒரு சின்னத் தள்ளு தவிர அடி என்று ஒன்று விழவில்லை. ஆனால் அந்தப் பிடி விழுந்ததும் அப்பா போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "வுடுங்கடா என்ன! வுடுங்க! இன்னிக்கு அவன் இல்ல!" மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் போனார். அந்தப் பக்கம் சேகர் மாமாவும் அதே வேகத்தில் துள்ளினார்.

பிடித்தவர்கள் கையைத் தளர்த்தினால் என்ன ஆகும்? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் யாரும் தளர்த்தவில்லை. கொஞ்ச நேரத்தில் இருவரையும் இரு பக்கமும் தள்ளிக்கொண்டு போனார்கள். "போனாப் போவுதுன்னு வுடறேன்" என்றார் அப்பா. அவர் தோற்கவில்லை. சேகர் மாமாவும் தோற்கவில்லை. மறுநாள் காலையில் ஒரே வண்டியில் பம்மலுக்கு பெயின்ட் வேலைக்குப் போனார்கள்.

அந்த விதிப் புத்தகத்தை நான் நாலைந்து முறை படித்திருப்பேன். வெட்டுவதற்கு விதி உண்டு, குத்துவதற்கு உண்டு, நெருப்பு உமிழ்வதற்குக்கூட உண்டு. விலக்கிவிட வருகிறவர்களுக்கு ஒரு வரி இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் இரண்டே பேர் போட்ட சண்டை ஒன்றுகூட கிடையாது. எப்போதும் அது பத்துப் பேர் சண்டைதான். இரண்டு பேர் போடுவார்கள், எட்டுப் பேர் பிடிப்பார்கள்.

ஆன்ட்டி கொடுத்த மோர்

மாடிக்குத் திரும்புகிறேன். நான் திடீரென்று துள்ளுவதை நிறுத்திவிட்டு, "அண்ணா, அவனை அப்படியே பிடிச்சுக்குங்க! விட்டுடாதீங்க! பிரபு, இப்போ மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

பிரபு யோசித்தான். "அடங்கிடுச்சு. நல்லாகீது. இப்போ வுட்டா நாலு அடி குடுப்பேன்."

"எனக்கும்தான்! ஜெனி, பாத்தியா?"

முருகேசன் அண்ணா ஆன்ட்டியைப் பார்த்தார். "இன்னாம்மா இதுங்க?"

விளக்கிச் சொன்னோம். ஆன்ட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். "கர்த்தரே, நான் நூறுக்கு போன் போடப் பாத்தேன்!" அப்புறம் கீழே போய் மோர் எடுத்து வந்தார். எல்லோரும் தொட்டி நிழலில் உட்கார்ந்து குடித்தோம். குண்டான் மூடியில் விழுந்த நெளிவு ஆன்ட்டி கண்ணில் படாதபடி பிரபு அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். அது ஆன்ட்டியுடைய குண்டான்.

மோர் முடியும் முன் விதி தயாராகிவிட்டது.

ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை. அதுதான் மூச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும், பட்டாலும் படாவிட்டாலும், ஒரு கொட்டை மேசை நடுவில் போக வேண்டும். கொட்டை தீர்ந்தால் கை ஓங்க முடியாது. நகரலாம், பேசலாம், ஓடலாம்.

முதல் அடிக்கு முன்னால் வாய்ச்சண்டை கட்டாயம். மேசையில் இருப்பவர்கள் சிரிக்கும்படி பேசினால் ஒரு கொட்டை கூடுதல்.

பக்கத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, சண்டைக்காரனைப் பின்னாலிருந்து பிடிக்கலாம். அதற்குப் பகடை போட வேண்டும். பிடி விழுந்தால் பிடிபட்டவனால் அடிக்க முடியாது. ஆனால் போன மூச்சு திரும்பி வரும். கொட்டைகளை அள்ளிக்கொள்ளலாம், நிபந்தனை ஒன்றுதான்: கத்த வேண்டும். சும்மா உட்கார்ந்து அள்ளக் கூடாது.

ஜெனிஃபர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். ஆசிரியர் வீட்டுப் பெண் ஆயிற்றே. "ஒருத்தர மட்டும் பிடிச்சா? அது விலக்கறது இல்லடி. இன்னொருத்தன் வந்து அடிக்கறதுக்கு வசதியா பிடிச்சுக் குடுக்கறது."

சரிதான். இரண்டு பக்கமும் பிடி விழுந்தால்தான் சண்டை நிற்கும். அப்படி நின்றால் இருவருமே தோற்கவில்லை. "போனாப் போகுது" என்று சொல்லிவிட்டு இருவரும் மானத்தோடு பின்வாங்கலாம்.

என் சொந்தக் கையால் ஒரு விதியை எழுதியது அன்றுதான். சின்ன வயதிலிருந்து அச்சில் வந்ததை அப்படியே ஒப்பிப்பதற்குத்தான் எனக்கு மார்க் கிடைத்திருக்கிறது. அச்சில் வந்ததில் எங்கள் தெரு இல்லை என்றால் எங்கள் தெருவை அதில் எழுதிச் சேர்க்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன், தலையில் ஒட்டடையோடு.

நாவலூர், மூன்று மணி

அடுத்த கூட்டம் நடந்த ஞாயிறு என் மேசையில் நாலு பேர். மென்பொருள்காரர்கள் இருவர், கணவன் மனைவி, சாந்தமானவர்கள். கல்லூரியில் படிக்கும் நித்யா. நாலாவது ஹரிஷ். வெளிவந்த எல்லா விதிப் புத்தகத்தையும் கரைத்துக் குடித்தவர். தன் சொந்தப் பகடைகளைத் தோல் பையில் வைத்திருந்தார். ஜெனிஃபரும் பிரபுவும் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

கதை இது. ஏரி மதகின் மேல் ஒரு பூதம் உட்கார்ந்துகொண்டு திறக்க விடமாட்டேன் என்கிறது. கீழே ஊர் வயல் காய்கிறது. என்ன செய்கிறீர்கள்?

"கொன்னுடலாம்," என்றார் ஹரிஷ்.

பூதத்துக்கும் அவருடைய வீரனுக்கும் வாய்ச்சண்டை நன்றாகவே போயிற்று. "ஏரி என்ன உங்க அப்பன் வீட்டு பாத்டப்பா?" என்று அவர் கேட்டதற்கு மேசை சிரித்தது. ஒரு கொட்டை கொடுத்தேன். அப்புறம் வாளை எடுத்தார். வீச வீசக் கொட்டைகள் நடுவில் போயின. நாலைந்து வீச்சில் அவர் முகம் மாறியது.

"ஹலோ, ஒன் மினிட். என் கேரக்டர் பெரிய வாரியர். பத்துப் போர் பாத்தவன். இதுக்குள்ள மூச்சு வாங்குமா? லாஜிக்கே இல்லையே."

மற்ற மூவரும் கொட்டையிலிருந்து கையை எடுத்தார்கள். போன தடவை முதல் போன் வெளியே வந்ததும் இப்படிக் கை சும்மா இருந்தபோதுதான். சுவரோரம் ஜெனிஃபர் கண்ணை மூடிக்கொண்டாள், ஜெபம் பண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"சார், கொஞ்சம் எழுந்து நில்லுங்க," என்றேன். நித்யாவின் நாற்காலியில் தொங்கிய குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதான் வாள். பூதம் அந்தத் தூண். தூணைத் தொடாம, முழு பலத்தோட வீசுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். நல்ல உயரமான மனிதர். குடை விர்விர்ரென்று போனது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குடை தூணுக்குப் பாதியிலேயே இறங்கியது. நான் போதும் என்று சொல்லவே இல்லை. அவரே நிறுத்தினார்.

வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, தன் முன்னால் இருந்த கொட்டையில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார்.

"இந்த குடை வெயிட்டே இல்ல," என்றார். "வாள்னா ரெண்டு கொட்டை போகும்."

பிரபு கைதட்டியே விட்டான்.

அதற்கு அப்புறம் அந்த மேசையைப் பிடிக்க முடியவில்லை. கணவனும் மனைவியும் சாந்தத்தை எங்கே கழற்றி வைத்தார்கள் என்று தெரியவில்லை. மனைவி பூதத்தின் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், அதை இங்கே எழுத முடியாது. இரண்டு கொட்டை கொடுத்தேன். ஹரிஷ் மதகின் வழுக்குப் பாறையில் கால் வைத்து விழுந்தார், எழுந்தார், மறுபடி பாய்ந்தார். கடைசிக் கொட்டையும் போயிற்று. பூதம் இன்னும் நின்றது.

நித்யா சொன்னாள். "நான் கத்திய கீழ வச்சிட்டு, அவர பின்னாடி இருந்து பிடிச்சுக்கறேன்."

"எதுக்கு?" என்றார் ஹரிஷ்.

"இல்லன்னா செத்துருவீங்க சார்!"

பகடை உருண்டது. பிடி விழுந்தது. விதியைச் சொன்னேன். கத்தினால் கொட்டை திரும்பும்.

ஹரிஷ் ஒரு கணம் தயங்கினார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "விடும்மா! நீ விடு என்ன! நான் யார்னு தெரியுமா அவனுக்கு? இன்னைக்கு அவனா நானான்னு பாத்துடறேன்!" என்று ஹாலே அதிரக் கத்திக்கொண்டே இரண்டு கையாலும் கொட்டைகளை அள்ளினார். ஆங்கிலம் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து மேசையில் ஆட்டம் நின்றது. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"ஆனா பூதத்தை யாரும் பிடிக்கலை," என்றேன் நான், மெதுவாக. "அது கதாயுதத்தைத் தூக்குது. உங்க வீரன் கை ரெண்டும் நித்யா பிடியில."

நித்யா வாயைப் பொத்திக்கொண்டாள். கணவன் மனைவி இருவரும் மதகின் அந்தக் கோடியில் இருந்தார்கள். ஓடி வருவதற்குள் அடி விழுந்துவிடும். ஹரிஷ் என்னைப் பார்த்தார். அந்த வீரனை அவர் அன்று மதியம்தான் உருவாக்கினார். ஆனால் சொந்த அண்ணனை ஆஸ்பத்திரியில் விட்டவர் மாதிரி இருந்தது முகம்.

சத்தம் கேட்டு விவேக் அண்ணா அப்போதுதான் வந்து சேர்ந்தார். இரண்டு கையையும் உயர்த்தி, "என்னப்பா பிரச்சினை? மெதுவா, மெதுவா. விடுங்க, என்ன இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்," என்றார்.

மேசை மொத்தமும் அவரைப் பார்த்தது.

"அண்ணா," என்றேன். "விலக்கிவிட வந்தீங்களா?"

"பின்ன?"

இருபது முகப் பகடையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "அப்போ பூதத்தைப் பிடிங்க. சீக்கிரம். கதாயுதம் இறங்கிட்டு இருக்கு."

"நானா? நான் ஆடவே இல்லையேம்மா."

"விலக்க வர்றவங்க யாரும் ஆட்டத்துல இருக்கறவங்க இல்லண்ணா. வழியில போறவங்கதான்."

"போடுங்க அண்ணா!" என்றார் ஹரிஷ். அது கெஞ்சல்.

அண்ணா பகடையைப் பார்த்தார், ஹரிஷைப் பார்த்தார், போட்டார். மேசை விளிம்புவரை உருண்டு, தயங்கி, பதினேழில் நின்றது. பிடி விழுந்தது. எல்லோரும் சேர்ந்து போட்ட கூச்சலில் பகடை மறுபடி ஆடிவிடுமோ என்று பயந்தேன். இப்போது பூதம் கத்த வேண்டும், பூதம் நான்தான். எழுந்து நின்று, தொண்டை கிழிய, பொழிச்சலூர்க் குரலில் கத்தினேன். "வுடுய்யா என்ன! யோவ், நீ வுடு! இன்னிக்கு இவன் இல்ல!"

விவேக் அண்ணா இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் ஒரு பெரிய இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"போதும்பா, போதும்பா," என்று பூதத்தின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, "என்ன வேடிக்கை பாக்கறீங்க? ரெண்டு பேர் ஓடிப் போய் மதகைத் திறங்க!" என்றார்.

யாரோ அவர் தோளைத் தொட்டார்கள். செக்யூரிட்டி அண்ணா.

"சார், ஆறு மணி ஆயிடுச்சு. சாவி குடுத்தா பூட்டிடுவேன்."

நாலு பேரும் மேசையில் இருந்தார்கள். அவர்களைச் சுற்றி மற்ற மேசைக்காரர்களும் நின்றார்கள். விவேக் அண்ணா கையைப் பிரிக்காமல், தலையை மட்டும் திருப்பினார்.

"கொஞ்சம் இருங்கண்ணா. பூதத்தைப் பிடிச்சுகிட்டு இருக்கேன்ல?"